இஞ்சு டேப் இல்லாமல் கிளம்பாதீர்கள்

மதுரைப் பக்கம் எழுமலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மூன்று படி. அப்பா அதைக் கட்டியபோது எனக்கு ஒரு வயது. இளம்பிள்ளை வாதம் இன்னும் வந்திருக்கவில்லை. அது வந்த பிறகு அறுபது வருஷத்துக்கு மேலாக அந்த மூன்று படியையும் இடது கையைச் சுவரில் ஊன்றித்தான் ஏறுகிறேன். சுவரில் என் உள்ளங்கை பட்ட இடம் மட்டும் பளபளப்பாக இருக்கும். வெள்ளையடிக்க வருகிறவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைக் கேட்டுவிட்டுத்தான் பூசுவார்.

போன மாதம் அந்தத் திண்ணையில் நாலு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெண்ணுக்குப் பார்வை இல்லை. ஒரு தம்பி காலில் காலிப்பர் போட்டிருந்தான். மற்ற இருவருக்கும் கையும் காலும் கண்ணும் ஊர் எதிர்பார்க்கிறபடியே இருந்தன. அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மில்களுக்கும் போய் மாற்றுத்திறனாளிகளைச் சமமாக நடத்துவது பற்றிப் பயிற்சி கொடுக்கப் போகிறார்களாம். "ஐயா, என்ன பேசணும்னு சொல்லிக் கொடுங்க" என்றார்கள். அன்று பாதிப் பொழுது கதையாகவே போய்விட்டது. மிச்சத்தை எண் போட்டு எழுதுகிறேன். எந்த எண் முந்தி, எந்த எண் பிந்தி என்று பார்க்க வேண்டாம்.

1. முதலில் வாசலை அளந்து பாருங்கள்.

கூப்பிட்ட இடத்துக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். பையில் இஞ்சு டேப் இருக்கட்டும். எத்தனை படி, ஒரு படி எத்தனை இஞ்ச், கதவு எத்தனை அடி, கழிப்பறை எந்தப் பக்கம், அதன் கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே திறக்கிற கதவு இருந்தால், சக்கர நாற்காலியோடு போனவர் கதவைச் சாத்த முடியாது. எத்தனையோ பெரிய அலுவலகங்களில் இந்த ஒரு விஷயத்தால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கிறார்கள்.

ஒரு வங்கிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேலாளர் வாசலிலேயே நின்று, "சாய்தளம் போட்டாச்சு சார்" என்று காட்டினார். படி மூன்று, ஒவ்வொன்றும் 7 இஞ்ச், ஆக 21 இஞ்ச் உயரம். சாய்தளத்தின் நீளம் 6 அடி. அது பைக்கை ஏற்றுவதற்குச் சரிப்படும். கணக்கு இதுதான்: ஒரு இஞ்ச் உயரத்துக்குக் குறைந்தது ஒரு அடி நீளம். 21 இஞ்சுக்கு 21 அடி வேண்டும். அகலம் 4 அடி, இரண்டு பக்கமும் கைப்பிடி, ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் நாற்காலி நின்று திரும்பச் சமதளம். நேராக 21 அடி இழுத்தால் ரோட்டுக்கு வந்துவிடும் என்றார் மேலாளர். உண்மைதான். பாதியில் ஒரு திருப்பம் கொடுத்து, திரும்புகிற இடத்தில் 5 அடிக்கு 5 அடி சமமாக விட்டால் சுவரோரமாகவே முடிந்துவிடும். இதை அவரிடம் சொல்லிப் புரியவைத்ததை விட, அங்கே வேலை பார்த்த கொத்தனாரிடம் சொன்னபோது சீக்கிரம் வேலை நடந்தது. அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மேலே வழுவழுன்னு டைல்ஸ் ஒட்டச் சொல்வாங்களே, ஒட்டவா?" ஒட்டக்கூடாது. மழை நாளில் ஊன்றுகோல் அதில் நிற்காது.

அன்றிலிருந்து எந்தப் பயிற்சிக்குப் போனாலும், அந்தக் கட்டடத்தைப் பராமரிக்கிற கொத்தனாரையோ காண்ட்ராக்டரையோ முதல் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லிவிடுவேன். அதிகாரி மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். கொத்தனார் நம்ம ஊர்க்காரர், இங்கேயேதான் இருப்பார்.

2. கண்ணைக் கட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள்.

இதை நானே பத்து வருஷம் செய்தேன். ஆசிரியர்களின் கண்ணைத் துணியால் கட்டி நடக்க விடுவது, காதில் பஞ்சு வைத்துக் கேட்கச் சொல்வது. அறையில் சிரிப்பு, பிறகு கண்ணீர், கடைசியில் கைதட்டல். ஒருநாள் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடவுளே, இந்த நிலைமை எனக்கு வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன் சார்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். இரண்டு மணி நேரம் பேசி நான் அவருக்குக் கற்றுக் கொடுத்தது பயத்தை மட்டும்தான் என்று வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில் உறைத்தது. ஐந்து நிமிஷம் கண்ணைக் கட்டினவருக்கு இருட்டு தெரியும். முப்பது வருஷம் கோலோடு நடக்கிறவரின் திறமை தெரியாது. இந்த விளையாட்டுகள் இரக்கத்தையும் கலக்கத்தையும் கூட்டுகின்றனவே தவிர மனப்போக்கை மாற்றுவதில்லை என்று 2017-ல் அமெரிக்காவில் ஆய்வும் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1980-களில் மாற்றுத்திறனாளிகளே சமத்துவப் பயிற்சி என்று ஒன்றைத் தொடங்கியபோது இந்த விளையாட்டுகளை ஒதுக்கினார்கள். உடம்பில் என்ன குறை என்று கேட்காதே, கட்டடத்திலும் விதியிலும் பழக்கத்திலும் என்ன தடை என்று கேள் என்பது அவர்கள் போட்ட பாதை.

உருக வைக்கிற பேச்சு எனக்கும் நன்றாக வரும். வருவதால்தான் எச்சரிக்கிறேன்.

3. "எங்க ஆபீஸ்ல அப்படி யாரும் இல்லீங்களே" என்பார்கள்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அவர்கள் எங்கே போனார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு பேசாமல் வாசல்படியைப் பாருங்கள்.

4. சொல்லில் கவனம், ஆனால் சொல்லோடு நின்றுவிடாதீர்கள்.

எங்கள் தெருவில் எனக்குச் சின்ன வயசில் இருந்த பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். பிறகு 'ஊனமுற்றோர்' என்றார்கள். கலைஞர் ஆட்சியில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அரசாணைக்கும் அடையாள அட்டைக்கும் வந்தது. ஒரு காலத்தில் அலுவலகத்தில் நாற்காலி காட்டாதவர்கள், அந்தச் சொல் வந்த பிறகு எழுந்து நின்று பேசியதை நான் பார்த்திருக்கிறேன். அதே சமயம் எங்கள் இயக்கத்திலேயே அந்தச் சொல் பிடிக்காதவர்கள் உண்டு. "எனக்கு மாற்றுத்திறன் ஒண்ணும் இல்ல, கால் இல்ல, அவ்வளவுதான், அதைப் பூசி மெழுகாதீங்க" என்பார் என் நண்பர் ஒருவர். எதிரில் இருப்பவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படிச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயர் எல்லோருக்கும் இருக்கிறது.

நம் மொழிக்குள்ளேயே முள் நிறைய. நொண்டிச் சாக்கு, குருட்டாம்போக்கு, செவிடன் காதில் ஊதிய சங்கு. மேடையில் பேசுகிறவர்கள் பாதிப் பேர் நம் பயிற்சியைத் தொடங்கி வைக்கும்போதே இதில் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். குருடர் யானையைத் தடவிய கதையை யாராவது எடுக்காத கூட்டமே எனக்கு நினைவில்லை. அங்கேயே குத்திக்காட்டி அவமானப்படுத்தாதீர்கள். டீ குடிக்கும்போது பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள்.

சொல்லுக்குப் பின்னால் இருக்கிற கதைதான் கடினம். நம் இலக்கியத்தில் நொண்டி நாடகம் என்று ஒரு வகையே உண்டு. நாயகன் தாசியிடம் பொருளை இழந்து, குதிரை திருடி, அகப்பட்டுக் காலை இழப்பான். பிறகு தெய்வத்தை வேண்டி, போன காலைத் திரும்பப் பெறுவான். பாவம் செய்தவனுக்குக் கால் போகும், திருந்தினவனுக்குக் கால் வரும். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கூத்து என்று விட்டுவிட முடியவில்லை. 2024-ல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் மாணவர்கள் முன்னால் இதையே வேறு சொற்களில் சொன்னார். போன பிறவிப் பாவமாம். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். பேச்சாளர் பிறகு கைதானார். எனக்கு அந்தக் கைதை விட, ஓர் ஆசிரியர் எல்லோரும் பார்க்க எழுந்தாரே, அதுதான் பயிற்சியாகப் பட்டது.

5. தனியாகப் போகாதீர்கள்.

நான் போலியோக்காரன். படியைப் பற்றி எனக்குத் தெரியும். காது கேளாமை பற்றி என்ன தெரியும்? ஒரு பள்ளியில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். முதல் வரிசையில் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிற பையன் உட்கார்ந்திருந்தான். எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் தெரியுமா? யாரையும் ஒதுக்கக் கூடாது என்பதைப் பற்றி. அவன் அம்மா வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அதனால் குறைந்தது இருவர், வேறு வேறு குறைபாடு உள்ளவர்களாகப் போங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் வந்தால் அவரைப் பார்த்துப் பேசாதீர்கள், காது கேளாதவரைப் பார்த்துப் பேசுங்கள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையின் தாயைக் கூப்பிட்டால் தாயோடு பிள்ளையையும் பேச விடுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். நாலு பேரில் கையும் காலும் சரியாக இருக்கிற இரண்டு பேருக்கும் ஒன்று: உங்களுக்கு இதில் நிறைய வேலை இருக்கிறது. மைக் மட்டும் உங்கள் கையில் அதிக நேரம் இருக்க வேண்டாம்.

6. ஆளுக்கேற்ற ஏற்பாடு என்பதை மதுரைக்காரர்களுக்கு மதுரையை வைத்தே சொல்லுங்கள்.

சட்டம் இதற்கு ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறது. அதைப் பலகையில் எழுதினால் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். நான் டாக்டர் கோ. வெங்கடசாமியைச் சொல்வேன். முப்பது வயதை ஒட்டி முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். மகப்பேறு மருத்துவராக நினைத்தவர் அதை விட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். தன் விரல்களுக்குப் பிடிக்க வாகான கருவிகளை அமைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேலான கண்களுக்கு அறுவை செய்தார். ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கியதுதான் அரவிந்த் மருத்துவமனை. கருவியின் பிடி மாறியது. அறுவையின் தரம் மாறவில்லை. இதுதான் அந்தப் பெரிய பெயரின் முழு அர்த்தம். தேர்வில் மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் கொடுப்பதும், பார்வையற்ற எழுத்தருக்குத் திரை வாசிக்கிற மென்பொருள் போட்டுக் கொடுப்பதும், மனநோய்க்கு மருந்து எடுக்கிறவருக்கு இரவு ஷிப்ட் போடாமல் இருப்பதும் எல்லாம் அந்தக் கருவியின் பிடிதான்.

ஒரு எச்சரிக்கை. வெங்கடசாமியையோ, ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கிய மாரியப்பனையோ, நம்ம மதுரை இறகுப்பந்து வீராங்கனை ஜெர்லின் அனிகாவையோ சொல்லி, "பார், அவங்க சாதிச்சாங்க, நீ ஏன் சாதிக்கல" என்று யாரையும் அடிக்கக் கூடாது. கால் சரியாக இருக்கிற எல்லோரையும் ஒலிம்பிக் போகச் சொல்கிறோமா?

நேரம் கிடைக்கும்போது இரண்டு இடத்துக்குப் போய் வாருங்கள். மதுரை சுந்தரராஜன்பட்டியில் 1985-ல் எஸ்.எம்.ஏ. ஜின்னா தொடங்கிய பார்வையற்றோர் சங்கம் ஒன்று. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-லிருந்து நடக்கிற அமர் சேவா சங்கம் இன்னொன்று. 1975-ல் கழுத்தெலும்பில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. புத்தகத்தில் படிக்கிற சமத்துவம் அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் நடப்பதைப் பார்க்கலாம்.

7. சக்கர நாற்காலிப் படத்தோடு நிறுத்தாதீர்கள்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடு உண்டு. பழைய 1995 சட்டத்தில் ஏழுதான். பயிற்சிக்காரர்கள் 21-ஐயும் திரையில் ஒருமுறை ஓடவிட்டு, பிறகு சாய்தளத்துக்கே வந்துவிடுகிறார்கள். நானும் இந்தக் கட்டுரையை அங்கிருந்துதான் தொடங்கினேன், கவனித்திருப்பீர்கள். சாய்தளம் தீர்க்காத தடைகளும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டியிருந்தார்கள். ராமநாதபுரம் நமக்குத் தூரமில்லை. நம் பக்கத்துக் கோயிலிலும் தர்காவிலும் இன்றும் யாரையாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற குடும்பங்கள் உண்டு. அலுவலகத்தில் பேசும்போது மனநோயையும் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் தலசீமியாவையும் பெயர் சொல்லிப் பேசுங்கள். அப்படிப் பேசிய நாட்களில்தான் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும் நின்று, "சார், என் பையனுக்கு..." என்று தொடங்குவார்.

8. எந்த இடத்தில் கூட்டம் போடுகிறீர்கள் என்று பாருங்கள்.

எழுமலைக்காரனாக இதைச் சொல்லாமல் விட முடியாது. பக்கத்தில் இருக்கிறது உத்தப்புரம். ஊரை இரண்டாகப் பிரித்து நின்ற தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் இடித்தது. அன்று நாடே நம் பக்கம் திரும்பிப் பார்த்தது. நாம் மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் ஒரே சாதி என்று மேடையில் சொல்வது சுலபம். ஆனால் அடையாள அட்டை முகாமை ஊர்ச் சாவடியில் வைத்தால் ஒரு தெருக்காரர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். கோயில் மண்டபத்தில் வைத்தாலும் அதே கதைதான். அடையாள அட்டைக்கான பதிவேட்டைப் பிறகு புரட்டிப் பார்த்தால் எந்தத் தெரு வரவில்லை என்று தெரியும். பள்ளிக்கூடம், பேரூராட்சி அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், இவை எல்லோருக்கும் பொது. அங்கேயே வையுங்கள். வீட்டை விட்டு வெளியே விடாத பெண் பிள்ளைகளுக்காக வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும். போகும்போது உங்களில் ஒரு பெண் இருக்க வேண்டும். காலால் வந்த தடையும் சாதியால் வந்த தடையும் பெண் என்பதால் வந்த தடையும் ஒரே ஆளின் மேல் ஏறி உட்காரும்போது, அதில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து 'இதற்கு நான் பயிற்சி தருகிறேன்' என்று சொல்ல முடியாது.

9. சட்டம் சட்டைப்பையில் இருக்கட்டும்.

எடுத்த எடுப்பில் பிரிவு எண் சொன்னால் எதிரே இருப்பவர் வக்கீலைக் கூப்பிடுவார். "பார்க்கலாம்" என்ற சொல் வரும்வரை காத்திருங்கள். வந்ததும் எடுங்கள். 2017 ஏப்ரல் 19 முதல் அந்த 2016 சட்டம் நடப்பில் இருக்கிறது. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீதம். அரசு வேலையில் இருக்கும்போது குறைபாடு வந்தால் ஆளை நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. மக்கள் வந்து போகிற பழைய கட்டடங்களைச் சரிசெய்யக் கொடுத்த ஐந்து வருஷக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால், பிரிவு 92, ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை உள்ளே. 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் வழிகாட்டியாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இவ்வளவும் ஒரு தாளில் இரண்டு பக்கம் அடங்கும். மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

10. காசு கேளுங்கள்.

என் வீட்டு பீரோவில் முப்பதுக்கு மேல் சால்வை இருக்கிறது. எழுமலை வெயிலுக்குச் சால்வை! அலுவலகத்தில் கணினிப் பயிற்சி கொடுக்க வருகிறவருக்குக் காசோலை தருகிறவர்கள், நமக்குச் சால்வையும் நினைவுப் பரிசும் பொங்கல் வடையும் தருவார்கள். சேவைதானே என்பார்கள். சேவை என்று ஒத்துக்கொண்ட நிமிஷமே நீங்கள் கேட்க வந்தவராகிவிடுகிறீர்கள், அவர் கொடுப்பவராகிவிடுகிறார். பிறகு அங்கே என்ன சமத்துவம் பேசுவது? பயிற்சிக்கு ஒரு தொகை, கட்டடத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு தொகை, துணைக்கு வருகிறவருக்கும் சைகை மொழிபெயர்ப்பாளருக்கும் தனித் தொகை என்று முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பஸ் உங்களுக்கு இலவசம்தானே என்று போக்குவரத்துச் செலவைக் கழிப்பவர்களும் உண்டு. நான் சிரித்துக்கொண்டே ஆட்டோ பில்லைக் கொடுப்பேன். கிராமத்துப் பள்ளிக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் சும்மா போங்கள். அது உங்கள் இஷ்டம்.

11. உள்ளாட்சியை விட்டுவிடாதீர்கள்.

2025 ஏப்ரலில் சட்டமன்றம் இரண்டு திருத்தங்களை நிறைவேற்றியது. இனி ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாவற்றிலும் குறைந்தது ஒரு மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினர். ஊராட்சிகளில் மட்டுமே 12,000-க்கும் மேல் இடங்கள். இவ்வளவு பேருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து தீர்மான நோட்டு, வரவு செலவு, டெண்டர் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். பெரிய நிறுவனங்களின் குளிர் அறையைத் தேடி ஓடுவதற்கு முன் இந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கும் பொதுக் கழிப்பறையும் பஸ் ஸ்டாண்டு நிழற்குடையும் அங்கேதான் முடிவாகின்றன.

12. ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போங்கள்.

சொல்லாமல் போங்கள். முதலில் சொன்ன அந்த வங்கிக்கு நான் அப்படித்தான் போனேன். 21 அடிச் சாய்தளம் அழகாகத் திரும்பி ஏறியிருந்தது, கைப்பிடி இருந்தது, சொரசொரப்பான தரைதான். திருப்பத்தில் இருந்த ஐந்துக்கு ஐந்து சமதளத்தில் நாலு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். மேலாளர் மாறியிருந்தார். புதியவர் என்னை வாடிக்கையாளர் என்று நினைத்து, "என்ன வேணும் பெரியவரே?" என்றார். பூந்தொட்டியை எடுக்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். பையிலிருந்து டேப்பை எடுத்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன்.